முன்னுக்கு ஓடுகிற குதிரையின் முதுகில் ஈயம் வைப்பது நியாயமா?

கிளிநொச்சிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. மெல்பேர்னில் இருக்கிற அவருடைய அண்ணா, நவம்பரில் நடக்கிற மெல்பேர்ன் கிண்ண ஓட்டத்தை ஃபோனில் காட்டினாராம். பேர்பெற்ற குதிரைக்கு 58 கிலோ, ஒருவருக்கும் தெரியாத குதிரைக்கு 50 கிலோ என்று நிறை போட்டிருந்ததாம். "வெண்டவனுக்குத் தண்டனை, தோத்தவனுக்குச் சலுகையா? இது என்ன நியாயம்? எங்கட மாட்டுவண்டிச் சவாரியிலயும் ஒரே சோடிதான் ஒவ்வொருமுறையும் வெல்லுது. அதிலயும் ஒரு மூட்டையை ஏத்திவிட்டா என்ன?" என்று கேட்கிறார்.

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். குதிரையோட்டத்தில் நிறை ஏற்றுவது நியாயத்துக்காக வந்த ஏற்பாடே இல்லை. போட்டி போட்டியாக இருக்க வேண்டும், யார் வெல்வார் என்று ஓட முதலே தெரிந்துவிடக் கூடாது, பந்தயக் காசு முழுக்க ஒரு பக்கம் விழக் கூடாது என்பதற்காக வந்தது. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. எது சிறந்த குதிரை என்று அதனிடம் கேட்டால் பதில் வராது. அதைக் கண்டுபிடிக்க வேறு ஓட்டங்கள் இருக்கின்றன.

சவாரிக்கு மூட்டை ஏற்றலாமா என்றால், வேண்டாம். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். வன்னியில் பிறந்தவனுக்குக் குதிரை என்றால் நெடுந்தீவில் வெட்டையில் திரிகிற கட்டைக் குதிரைதான் ஞாபகம் வரும்; இல்லாவிட்டால் ஏப்ரலில் நுவரெலியாவில் நடக்கிற ஓட்டம். நான் இருபது வயதில் கொழும்புக்குப் போய் ஆறு வருசம் ஒரு புக்கி கடையில், அதாவது குதிரைப் பந்தயக் காசு கட்டுகிற கடையில், துண்டு எழுதினேன். இங்கிலாந்து ஓட்டங்கள் எங்கள் நேரத்துக்குப் பின்னேரம் ஆறரை, ஏழுக்குத்தான் சூடு பிடிக்கும். சுவரில் ஓட்டத்தாள் ஒட்டியிருக்கும். குதிரையின் பெயர், பயிற்றுநர், குதிரையை ஓட்டுகிற ஜொக்கி, அதற்குப் பக்கத்தில் 9-7, 8-2 என்று குதிரை சுமக்கிற நிறை. முதலாவது ஸ்டோன், இரண்டாவது இறாத்தல். 14 இறாத்தல் ஒரு ஸ்டோன். வேலை முடிந்து வருகிற வயதான ஐயா ஒருவர், பெயர்களைப் பார்க்கவே மாட்டார். "தம்பி, ஆகக் குறைஞ்ச பாரம் எதுக்கு?" என்று மட்டும் கேட்பார். அதன் மேல் காசைப் போடுவார். "பாரம் குறைஞ்சது பறக்கும்." அந்த ஐயாவிடம் திரும்பி வருவேன்.

இப்படி நிறை போட்டு ஓடவிடுகிற ஓட்டத்தை 'ஹேண்டிகேப்' என்பார்கள். அந்தச் சொல் குதிரையில் பிறந்ததல்ல. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'தொப்பிக்குள் கை' (ஹேண்ட் இன் கேப்) என்று பண்டமாற்றில் ஒரு முறை இருந்தது. உங்களிடம் ஒரு கறவை மாடு, என்னிடம் ஒரு சோடி நாம்பன் என்று வையுங்கள். மாற்றிக்கொள்ள இருவருக்கும் ஆசை, ஆனால் மேலே யார் எவ்வளவு காசு போடுவது என்பதில்தான் இழுபறி. மூன்றாவது ஆள் ஒருவரை நடுவராகக் கூப்பிடுவோம். மூவரும் தொப்பிக்குள் கொஞ்சக் காசு போட வேண்டும். நடுவர் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டு, "மாட்டுக்காரர் மேலே இவ்வளவு கொடுக்க வேண்டும்" என்று தீர்ப்புச் சொல்வார். நாங்கள் இருவரும் தொப்பிக்குள் கையை விட்டு ஒரே நேரத்தில் வெளியே எடுப்போம். சம்மதமா இல்லையா என்பதைக் கையே காட்டிவிடும்.

தொப்பியில் கிடக்கிற காசு யாருக்கு என்பதில்தான் கெட்டித்தனம். இருவரும் சம்மதித்தால் காசு நடுவருக்கு. இருவரும் மறுத்தாலும் நடுவருக்குத்தான். ஒருவர் சம்மதித்து மற்றவர் மறுத்தால், சம்மதித்தவருக்கு. அதாவது, நடுவர் ஒரு பக்கம் சாய்ந்து விலை சொன்னால், இலாபம் கண்டவர் தலையாட்டுவார், மற்றவர் மறுப்பார், நடுவருக்கு ஒரு சதமும் கிடைக்காது. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிப் படுகிற ஓர் எண்ணைச் சொன்னால்தான் அவருக்குப் பிழைப்பு. நேர்மையாக இரு என்று யாரும் அவருக்குப் புத்தி சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அதுவும் கைதான், அதுவும் மறைவுதான். ஆனால் அங்கே தரகர் யார் பக்கம் என்று கடைசிவரை தெரியாது!

குதிரையோட்டம் இந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. மாட்டுக்கும் நாம்பனுக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தைக் காசால் நிரப்பினார்கள் அல்லவா, இங்கே நல்ல குதிரைக்கும் சுமாரான குதிரைக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தை நிறையால் நிரப்பினார்கள். 1791-இல் ஆஸ்கொட்டில் ஓடிய ஓட்லண்ட்ஸ் ஓட்டத்தை முதல் பெரிய ஹேண்டிகேப் என்பார்கள். வேல்ஸ் இளவரசரின் குதிரை வென்றது. அந்த ஓட்டத்தில் கைமாறிய பந்தயக் காசு பெருந்தொகை. பிறகு 1855-இல் அட்மிரல் ரௌஸ் என்ற கடற்படைக்காரர் பொது ஹேண்டிகேப்பராக வந்தார். எல்லாக் குதிரைகளையும் பார்த்து நிறை போடுகிற நடுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் ஓட்டியவர் குதிரைக்குக் கணக்குப் போட்டது வேடிக்கைதான், ஆனால் அவர் போட்ட அடித்தளம் இன்றும் நிற்கிறது.

இப்போது அது நடக்கிற விதம் இப்படி. பிரித்தானியாவில் ஒரு புதிய குதிரை பொதுவாக மூன்று தடவை ஓடிய பிறகு அதற்கு ஒரு மதிப்பெண் கொடுப்பார்கள். ஒரு புள்ளி என்றால் ஓர் இறாத்தல். 80 புள்ளிக் குதிரையும் 70 புள்ளிக் குதிரையும் ஒரே ஹேண்டிகேப்பில் ஓடினால், முன்னது 10 இறாத்தல் கூடச் சுமக்கும். கிட்டத்தட்ட நாலரைக் கிலோ. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் புதிய பட்டியல் வரும். வென்றால் ஏறும், தொடர்ந்து தோற்றால் இறங்கும். அவுஸ்திரேலியாவில் ஒரு புள்ளிக்கு அரைக் கிலோ. உலகத் தரப்பட்டியலில் ஃபிராங்கல் என்ற குதிரை எடுத்த 140-ஐ இதுவரை எதுவும் தாண்டவில்லை.

நிறையை எப்படி ஏற்றுகிறார்கள் என்பதைப் பார்த்தால் ஒரு சந்தைக்கடைத் தராசு ஞாபகம் வரும். ஜொக்கி சேணத்தைக் கையில் தூக்கிக்கொண்டு தராசில் ஏறுவார். குதிரை 57 கிலோ சுமக்க வேண்டும், ஜொக்கியும் சேணமும் சேர்ந்து 53 என்றால், மிச்சம் நாலு கிலோவுக்கு ஈயத் தகடுகள். சேணத்துக்குக் கீழே போடுகிற துணியின் பைகளில் அவற்றைச் சொருகுவார்கள். ஓடி முடிந்ததும் மீண்டும் தராசு. நிறை குறைந்திருந்தால் வென்ற குதிரையின் வெற்றி போய்விடும். இந்த ஈயத்தைச் செத்த பாரம் என்று சொல்வார்கள். ஜொக்கி குதிரையின் அசைவோடு சேர்ந்து அசைவார், ஈயம் அசையாது. அதனால் பாரமான ஜொக்கியை ஏற்றுவதே மேல் என்று சில பயிற்றுநர்கள் நினைப்பார்கள்.

சரி, நாலு கிலோவால் என்ன ஆகும்? குதிரையின் நிறை 500 கிலோ அளவில் வரும். அதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் ஓட்டத்தில் மூக்களவில் வெற்றி தோல்வி. பிரித்தானியக் கணக்கில் 1,000 மீற்றர் ஓட்டத்தில் 3 இறாத்தல் ஒரு குதிரை நீளத்துக்குச் சமம். 3,200 மீற்றரில் ஒரே ஓர் இறாத்தல் ஒரு நீளத்துக்குச் சமம். தூரம் கூடக்கூட அதே பாரம் கூடக் கடிக்கும். வயலில் இருந்து நெல்லு மூட்டை தூக்கியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வரம்பில் ஏறும்போது தெரியாத பாரம் வீட்டுப் படலையில் தெரியும்.

இதற்கு 1973 கிராண்ட் நஷனலை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. லிவர்பூலுக்குப் பக்கத்தில் எயின்ட்ரீயில், அப்போது ஏழு கிலோமீற்றருக்கு மேல், 30 தடை தாண்டி ஓடிய ஹேண்டிகேப் அது. அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கிரிஸ்ப் என்ற பெரிய குதிரைக்கு 12 ஸ்டோன், 76 கிலோ. ரெட் ரம் என்ற குதிரைக்கு 10 ஸ்டோன் 5 இறாத்தல். இரண்டுக்கும் நடுவில் 23 இறாத்தல், பத்துக் கிலோவுக்குச் சற்று மேல். கிரிஸ்ப் தொடக்கத்திலேயே தனியே போய்விட்டது. கடைசித் தடையைத் தாண்டும்போதும் பதினைந்து நீளம் முன்னால். அதற்குப் பிறகுதான் பாரம் பேசத் தொடங்கியது. கால் குழம்பியது, ஒரு பக்கம் இழுத்தது, நேராக ஓட முடியவில்லை. பின்னால் ரெட் ரம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. முடிவுக்கோட்டுக்குச் சில அடிகள் இருக்கும்போது முந்தி, முக்கால் நீளத்தில் வென்றது. நேரம் 9 நிமிடம் 1.9 விநாடி. 1934-இல் கோல்டன் மில்லர் வைத்திருந்த சாதனையை விட 18 விநாடிக்கு மேல் குறைவு. தோற்ற கிரிஸ்ப்பும் அந்தச் சாதனையை உடைத்துத்தான் தோற்றது.

அந்த ஓட்டத்தைப் பார்த்தவர்கள் கிரிஸ்ப்புக்காக அழுதார்கள் என்றால் நம்பலாம். இறாத்தலுக்கு ஒரு நீளம் என்ற கணக்கில் பார்த்தால், சம நிறையில் கிரிஸ்ப் இருபது நீளத்துக்கு மேல் முன்னால் முடித்திருக்கும். அதே ஆண்டு பிற்பகுதியில் டொன்காஸ்டரில் இரண்டும் சம நிறையில் மோதியபோது கிரிஸ்ப்தான் வென்றது. அப்படியானால் எயின்ட்ரீயில் நடந்தது அநியாயமா? ஹேண்டிகேப்பர் போட்ட கணக்கைப் பாருங்கள்: ஏழு கிலோமீற்றர் ஓடி, முக்கால் நீளத்தில் முடிவு. அவருடைய வேலை அதுதான், இதைவிட நுட்பமாக யாரும் செய்ய முடியாது. அடுத்த ஆண்டு ரெட் ரம்முக்கு 12 ஸ்டோன் போட்டார்கள். அதையும் சுமந்து வென்றது. அதனால் அது சலுகையில் வென்ற குதிரை என்றும் சொல்ல முடியாது.

தம்பியின் அண்ணா காட்டிய மெல்பேர்ன் கிண்ணமும் இதே வகைதான். 1861-இலிருந்து ஹேண்டிகேப்பாகவே ஓடுகிறது. 1890-இல் கார்பைன் என்ற குதிரை 66 கிலோ சுமந்து, 39 குதிரைகள் ஓடிய ஓட்டத்தில் வென்றது. இரண்டாவதாக வந்ததற்கும் அதற்கும் 53 இறாத்தல் வித்தியாசம். 24 கிலோ என்று சொன்னால், அரை மூட்டை உரம். ஃபார் லாப் 1930-இல் 62.5 கிலோவுடன் வென்றது. அடுத்த வருசம் 68 கிலோ ஏற்றினார்கள், எட்டாவதாக வந்தது. அதன் பாடம் பண்ணிய தோல் இன்றும் மெல்பேர்ன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அண்ணாவுக்கு லீவு நாளில் போய்ப் பார்க்கலாம். மக்கைபி டிவா என்ற பெண்குதிரை 2003-இல் 51, 2004-இல் 55.5, 2005-இல் 58 கிலோ என்று ஒவ்வொரு வருசமும் ஏற ஏற மூன்று முறையும் வென்றது. இந்த மூன்று எண்களையும் வரிசையாகப் பார்த்தால்தான் அந்தக் குதிரையின் பெருமை விளங்கும். சம நிறையில் மூன்று முறை வென்றிருந்தால் இவ்வளவு தெரிந்திருக்காது. அதனால்தான் நிறையைத் தண்டனை என்று மட்டும் பார்க்காதீர்கள் என்கிறேன். ஒரு விதத்தில் அது பட்டயமும்கூட.

இப்போது அந்த ஐயாவுக்கு வருவோம். ஆகக் குறைந்த பாரம் பறக்கும் என்று நம்பி ஆறு வருசம் காசு கட்டினார். பெரும்பாலும் பறக்கவில்லை. பொதுவாகப் பார்த்தால் ஹேண்டிகேப்பில் மேல்நிறைக் குதிரைகள்தான் தங்கள் பங்குக்கு மேல் வெல்லும். காரணம் இரண்டு. ஒன்று, நிறை கூடியதாக இருப்பதே அது நல்ல குதிரை என்பதால்தான். பாரம் அந்தத் திறமையை முழுக்கத் தின்றுவிடுவதில்லை. இரண்டாவதைத்தான் ஐயாவுக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. நிறைக்குக் கீழ் எல்லை ஒன்று இருக்கிறது. மெல்பேர்ன் கிண்ணத்தில் 50 கிலோவுக்குக் கீழே போக முடியாது. ஒரு குதிரையின் தகுதிக்கு 46 கிலோ போட்டிருக்க வேண்டும் என்றாலும், ஓடுவதானால் 50 சுமந்துதான் ஓட வேண்டும். தாளில் ஆகக் குறைந்த பாரம் என்று தெரிவது உண்மையில் நாலு கிலோ அதிகப்பாரம். "அப்ப இந்தக் கடையில ஒருத்தரும் எனக்கு உண்மை சொல்லேல்லையே" என்று ஒருநாள் சொன்னார். சொன்னேன் ஐயா, நீங்கள்தான் கேட்கவில்லை.

எதிர்ப்பக்கத்தில், குதிரை மிக மிக நல்லதாக இருந்தாலும் இந்தக் கணக்கு உடைந்துவிடும். 1960-களில் அயர்லாந்தில் ஆர்க்கிள் என்று ஒரு தடைதாண்டும் குதிரை. அது ஓடுகிறது என்றால் அதற்கு உச்ச நிறை போட்டு, மற்றவை எல்லாவற்றையும் கீழ் எல்லையில் ஒரே குவியலாகத் தள்ள வேண்டியிருந்தது. மற்றக் குதிரைகளுக்குள் உள்ள வித்தியாசம் எல்லாம் அழிந்துபோகும். கடைசியில் அங்கே இரண்டு நிறைப்பட்டியல் போட்டார்கள்: ஆர்க்கிள் ஓடினால் ஒன்று, ஓடாவிட்டால் இன்னொன்று. ஒரு குதிரைக்காகச் சட்டமே மாறியது. அப்படியும் 1966-இல் 35 இறாத்தல் குறைவாகச் சுமந்த ஒரு குதிரை அதை அரை நீளத்தில் முந்தியது.

ஹேண்டிகேப்பின் உண்மையான பிழை, நல்ல குதிரைக்குப் பாரம் ஏற்றுவது இல்லை. திறமையை ஒளிப்பவனுக்கு இலாபம் வைப்பதுதான். மதிப்பெண் குறைவாக இருந்தால் பாரம் குறையும், பாரம் குறைந்தால் பெரிய ஓட்டத்தில் வெல்லலாம். அதனால் முதல் மூன்று ஓட்டங்களைக் குதிரைக்குப் பிடிக்காத தூரத்தில், பிடிக்காத தரையில் ஓடவிட்டுப் பின்னுக்கு வரவைத்து, நல்ல மதிப்பெண்ணோடு, அதாவது குறைந்த மதிப்பெண்ணோடு, தக்க நாளில் இறக்குவார்கள். குதிரையை வெல்லவிடாமல் கயிற்றைப் பிடிப்பது குற்றம்; பிடிபட்டால் தண்டனை. ஆனால் தூரத்தைத் தெரிந்தே பிழையாகத் தெரிவு செய்வதை எந்தச் சட்டம் பிடிக்கும்? புக்கி கடையில் நாங்கள் இப்படியான குதிரைகளை முகர்ந்து பிடிக்கப் பார்ப்போம். நாலு ஓட்டம் பின்னுக்கு வந்த குதிரைக்குத் திடீரென்று பெரிய ஜொக்கி, திடீரென்று இரண்டு மடங்கு தூரம் என்றால் முதலாளி பேனையைக் கீழே வைத்துவிடுவார்.

வயதுக்கு நிறை போடுவது வேறு விசயம், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மூன்று வயதுக் குதிரை இன்னும் வளர்ந்து முடியவில்லை, அதனால் மூத்தவற்றை விடக் குறைவாகச் சுமக்கும். வருசம் போகப் போக அந்தச் சலுகை சுருங்கும். பாரிஸில் அக்டோபரில் ஓடுகிற ஆர்க் ஓட்டத்தில் மூத்த ஆண்குதிரைக்கு 59.5 கிலோ, மூன்று வயதுக்கு 56.5, பெண்குதிரைக்கு இன்னும் ஒன்றரைக் கிலோ குறைவு. இங்கே முன்பு எத்தனை வென்றாய் என்று யாரும் பார்ப்பதில்லை. மாட்டில் நாங்கள் பல்லைப் பிடித்துப் பார்த்து இரண்டு பல், நாலு பல் என்று பிரிப்பது இதே நினைப்புத்தான். எது சிறந்த குதிரை என்ற கேள்விக்குப் பதில் தேடுகிறவர்கள் இந்த ஓட்டங்களைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் இவற்றை மட்டும் வைத்து ஒரு தொழிலை நடத்த முடியாது. நூறு குதிரையில் தொண்ணூறு இங்கே வெல்லவே வெல்லாது. அவற்றின் சொந்தக்காரர், பராமரிப்பவர், லாடம் அடிப்பவர் எல்லாருக்கும் ஹேண்டிகேப்தான் சோறு. பிரித்தானியாவில் பாதிக்கு மேற்பட்ட ஓட்டங்கள் அந்த வகைதான்.

நிறையின் விலையைக் குதிரை மட்டும் கொடுப்பதில்லை. ஃபிரெட் ஆர்ச்சர் என்று 19-ஆம் நூற்றாண்டில் ஒரு ஜொக்கி. ஆள் ஐந்தடி பத்து அங்குலம், ஜொக்கிக்கு அளவுக்கு மிஞ்சிய உயரம். 1886-இல் ஒரு ஹேண்டிகேப்புக்காகப் பட்டினி கிடந்து நிறையைக் குறைத்தும் ஓர் இறாத்தல் மிஞ்சியது, தலையளவில் தோற்றார். சில நாளில் காய்ச்சலில் விழுந்து, அந்த மயக்கத்திலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். 29 வயது. தராசின் முன்னால் நிற்கிற ஜொக்கிகளின் கன்னத்தைப் பார்த்தால் இன்றும் அந்தப் பட்டினி தெரியும்.

இதை வாசிக்கிற வன்னி ஆட்கள் பலருக்கு வெட்டுப்புள்ளி ஞாபகம் வந்திருக்கும். மாவட்ட அடிப்படையில் பல்கலைக்கழக அனுமதி, பின்தங்கிய மாவட்டங்களுக்கு ஐந்து வீதம். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பிள்ளைகள் அதில் வருகிறார்கள். அதையும் ஹேண்டிகேப் என்று கதைப்பவர்களைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்த ஒப்பீடு சரியாகப் படவில்லை. குதிரைக்கு அதனதன் ஓட்டத்தைப் பார்த்துப் பாரம் போடுகிறார்கள். பிள்ளைக்கு அது எந்த ஊரில் இருந்து எழுதியது என்று பார்க்கிறார்கள். கூரையில்லாத வகுப்பில் படித்த பிள்ளையின் முதுகில் பாரம் ஏற்கெனவே இருந்தது. அதைக் கொஞ்சம் இறக்குவதும், நன்றாக ஓடுகிற குதிரைக்குப் புதிதாக ஏற்றுவதும் ஒன்றல்ல. இதில் என்னோடு சண்டை பிடிக்க விருப்பமானவர்கள் பிடிக்கலாம்.

சரி, சவாரி. சில வருசங்களுக்கு முன் எங்கள் பக்கத்துத் திடல் ஒன்றில் தம்பி சொல்வதையே செய்து பார்த்தார்கள். நான் மாமா என்று கூப்பிடுகிற ஒருவருடைய சோடி தொடர்ந்து மூன்று வருசம் வென்றிருந்தது. அடுத்த பொங்கலுக்கு, அந்தச் சோடி இழுக்கிற திருக்கல் வண்டிலில் 25 கிலோ அரிசிப் பை ஒன்று ஏற்ற வேண்டும் என்று முடிவு. மாமா மறுக்கவில்லை. பை ஓட்டுகிறவரின் காலில் சிக்கிவிடும் என்று பயந்து, அதைப் பின்பக்கமாகத் தள்ளிக் கட்டினார்கள். அதுதான் பிழை. இரண்டு சில்லு வண்டிலில் அச்சுக்குப் பின்னால் பாரம் போனால் முன்பக்கம் மேலே எழும்பும். நுகம் கழுத்திலிருந்து கிளம்பி, கழுத்துக்கயிறு கீழேயிருந்து தொண்டையை இறுக்கும். பின்பாரம் என்று எங்கள் அப்பு ஒரு சொல்லில் முடித்துவிடுவார். வண்டில் கிளம்பி நூறு யார் போகவில்லை, இடத்து மாடு இருமத் தொடங்கி நின்றுவிட்டது. மாமா இறங்கினார், பையை அவிழ்த்தார், தோளில் வைத்துக்கொண்டு நடந்து வந்து மேசையில் போட்டார். "இந்தாங்கோ, உங்கட அரிசி."

அதற்கு அடுத்த வருசம் நடந்ததுதான் எனக்குச் சிரிப்பு. தங்கள் வண்டிலிலும் பை ஏற்றிவிடுவார்கள் என்று பயந்து இரண்டு சோடிக்காரர், சின்னச் சவாரிகளில் எல்லாம் மாட்டை அடக்கி ஓட்டி, தோற்றுத் தோற்று வந்தார்கள். இங்கிலாந்தில் இருநூறு வருசமாக நடக்கிற கூத்து, ஒரே ஓர் அரிசிப் பையோடு வன்னிக்கும் வந்துவிட்டது.

நிறை சரிவராததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. குதிரை பாரத்தை முதுகில் சுமக்கிறது, மாடு அதைச் சில்லில் உருட்டுகிறது. உருளுகிற 25 கிலோ, கிளம்பும்போது உறைக்குமே தவிர ஓட்டம் பிடித்த பிறகு அவ்வளவாகத் தெரியாது. குதிரையையே வண்டியில் பூட்டி ஓடுகிற ஓட்டங்கள் வெளிநாடுகளில் இருக்கின்றன, அங்கே யாரும் ஈயம் ஏற்றுவதில்லை. நின்ற இடத்தில் இருந்து கிளம்புகிற ஓட்டங்களில் நல்ல குதிரையைப் பத்து, இருபது மீற்றர் பின்னுக்கு நிறுத்துவார்கள். அவுஸ்திரேலியாவில் ஸ்டோவெல் என்ற ஊரில் மனிதர்கள் ஓடுகிற பேர்பெற்ற ஓட்டமும் இப்படித்தான்: வேகமானவர் பின்னுக்கு, மெதுவானவர் முன்னுக்கு. 1878-இலிருந்து நடக்கிறது.

என்னைக் கேட்டால், முதலில் பிரிவை வடிவாகப் போடுங்கள். பி பிரிவில் இரண்டு முறை வென்ற சோடி ஏ பிரிவுக்குப் போகட்டும். சிவகங்கைப் பக்கம் பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் தூரத்தையும் மாற்றுகிறார்கள். அங்கே மூட்டைக்கு வேலையில்லை. ஏ பிரிவிலும் ஒரே சோடி வென்றுகொண்டிருந்தால் அதற்கு மட்டும் சுண்ணாம்புக் கோட்டைப் பின்னுக்குப் போடுங்கள். அதோடு, அதை வருசம் ஒருமுறை நடக்கிற பெரிய சவாரியில் செய்யாதீர்கள். அந்த ஒரு நாள் எல்லாச் சோடியும் ஒரே கோட்டில் நிற்கட்டும்.

இதை மாமாவிடம் ஒருநாள் தேத்தண்ணியோடு சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டிருந்தார். "பின்னுக்கு நிக்கிறது பரவாயில்லை, மாட்டுக்கு நோகாது. ஆனா பத்து மீற்றரோ இருபதோ எண்டு ஆர் சொல்லுறது?" என்றார். சோடி ஓடவிடாத ஒருவர் என்றேன். எங்கள் ஊரில் அப்படி ஒருவரைக் காட்டு என்கிறார். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.